முன்னால் யாரும் இல்லாத பனி

ஈஸ்டருக்கு எங்கள் மலைவீட்டுக்குப் போக ஒரே வழிதான். அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு, பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, மேலே ஏறி, மேட்டுவெளியைக் கடந்து, உறைந்த ஏரியைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். பனிக்காலத்தில் அங்கே சாலை கிடையாது. சாமான்களை மட்டும் உள்ளூர்க்காரன் ஸ்டெய்னார் தன் பனி ஸ்கூட்டருக்குப் பின்னால் கட்டிய வண்டியில் இழுத்து வருவான். மனிதர்கள் தங்கள் காலில்தான் வருவார்கள்.

இந்த வருடம் என் மகள் இங்வில்ட் என்னைச் சாமான் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

அக்டோபரில் என் இடது முழங்கால் மூட்டை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். நன்றாக நடக்கச் சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். நானும் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டில் பழகினேன். முதலில் தபால்பெட்டி வரைக்கும், பிறகு தேவாலயம் வரைக்கும், பிப்ரவரி கடைசியில் அந்தப் பக்கத்து ஊர் வரைக்கும். ஆனால் இங்வில்டின் மனதில் நான் இன்னும் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் நிற்கிறேன்.

"அம்மா, நீ ஸ்டெய்னார் கூட போயிடு. வண்டியில மான்தோல் விரிச்சிருக்கேன். ராணி மாதிரி போவ."

"ராணிங்க யாரும் உருளைக்கிழங்கு மூட்டை மேல உக்கார மாட்டாங்க."

"வழியில முட்டி வீங்கிச்சுன்னா என்ன பண்ணுவ?"

"பனி வெச்சுக்குவேன். மலை பூரா அதானே கிடக்கு."

விஷயம் முட்டியைப் பற்றியது மட்டும் இல்லை. பல வருடங்களுக்கு முன்பு, பக்கத்து மலைவீட்டுப் பெரியவரை அவர் பிள்ளைகள் போர்வையில் சுற்றி ஸ்கூட்டர் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் நான் ஒரு வார்த்தை விட்டேன். என்னைச் சாமானோடு சாமானாக ஏற்றுகிற நாள் வந்தால் அதோடு இந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவேன் என்றேன். சொன்னால் சொன்னதுதான். நல்லதோ கெட்டதோ, அது என் குணம், அறுபத்தெட்டு வயதில் அதை மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இல்லை. ஆக, அன்று காலை அந்த வண்டியில் ஏறினால் அதுதான் அந்த வீட்டில் என் கடைசி ஈஸ்டர். இது இங்வில்டுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் மான்தோல் விரித்திருந்தாள்.

என் கணவன் ஹால்வர் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. காரின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மெழுகுப் பெட்டியில் தலையை விட்டிருந்தான்.

ஹால்வருக்கு இரண்டு விஷயங்களில் கர்வம். முன்னால் போவது ஒன்று, மெழுகு இன்னொன்று. அன்றைய பனிக்கு எந்த மெழுகு பொருந்துமோ அதைக் கட்டையின் அடியில் தேய்த்தால்தான் ஏறும்போது பிடிக்கும், இறங்கும்போது வழுக்கும். அவன் கொஞ்சம் பனியை அள்ளி உள்ளங்கையில் பிசைவான், முகர்ந்து பார்ப்பான், கண்ணை மூடி யோசிப்பான், பிறகு ஒரு நிறத்தைச் சொல்வான். வானிலை அறிக்கை அவனுக்குப் பொருட்டே இல்லை. நான் டிசம்பரில் அடியில் ரோமப் பட்டை ஒட்டிய கட்டைகளை வாங்கினேன். அவற்றுக்கு மெழுகே வேண்டாம். அவன் சமைத்து வைத்திருக்க நான் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தது மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டான்.

"அது ஏமாத்து வேலை, தோருன்" என்றான் அப்போது. அதற்குப் பிறகு அந்தக் கட்டைகளை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அன்று அடிவாரத்தில் கிடந்தது உருகி மறுபடி உறைந்த பழைய பனி, கண்ணாடித்தூள் மாதிரி இருந்தது. அதற்குப் பசை மெழுகுதான் சரி. தேன் பதத்தில் ட்யூபிலிருந்து வரும், தொட்டால் விடாது. தன் கட்டைக்கும் ஒட்வரின் கட்டைக்கும் அதைத் தாராளமாகத் தடவினான். ஒட்வர் அவனுடைய பள்ளிக்கூட நண்பன். மனைவி இறந்த பிறகு ஈஸ்டருக்கு எங்களோடுதான் வருகிறான். வாய் மட்டும் ஓயாது.

"மேல புதுப்பனி விழும்னு ரேடியோல சொன்னாங்களே" என்றேன்.

"ரேடியோக்காரன் ஓஸ்லோவுல உக்காந்திருக்கான். நான் இங்க நிக்கிறேன்" என்றான் ஹால்வர்.

இங்வில்ட் கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தாள். ஸ்டெய்னார் மத்தியானம் ஏரியின் இந்தப் பக்கம் வந்து நிற்பான், முடியவில்லை என்றால் நான் அங்கே ஏறிக்கொள்ள வேண்டும். அவள் மறுநாள் பிள்ளைகளோடு வருவாள். சத்தியம் செய்யச் சொன்னாள். நான் கையுறையை மாட்டிக்கொள்வதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

ஹால்வர் முன்னால், நான் நடுவில், ஒட்வர் கடைசியில். எப்போதும் இந்த வரிசைதான். முதலில் போகிறவன் பனியை மிதித்துத் தடம் போடுவான், மற்றவர்கள் அதில் வழுக்கிக்கொண்டு வருவார்கள். என் வாழ்க்கையில் நான் போன மலையெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. ஒவ்வொரு நினைவிலும் நட்டநடுவில் ஹால்வரின் சிவப்புப் பையும் இருக்கிறது. வடக்கே கலைமான் கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனபோது, கூட்டத்தில் பாதியை அந்தப் பை மறைத்தது. வசந்தத்தில் ஏரியின் உறைபனி இளகிக் காலடியில் உறுமியபோது வயிற்றால் ஊர்ந்து கடந்தோம். அப்போதும் என் மூக்குக்கு முன்னால் அவன் பூட்ஸ்தான். என்னை யாராவது மலையை வரையச் சொன்னால் நான் ஒரு முதுகைத்தான் வரைவேன்.

ஏறுகிற வழியில் ஒட்வர் வழக்கம்போல் பனிக்குகைக் கதையை எடுத்தான். கல்யாணமான புதிதில் நாங்கள் மூவரும் மேட்டுவெளியில் புயலில் மாட்டிக்கொண்டு, பனிச்சரிவில் குகை தோண்டி உயிர் பிழைத்த கதை.

"இவன் மட்டும் அன்னிக்குத் தோண்டலைன்னா நாம மூணு பேரும் ஐஸ்கிரீம்தான்" என்றான்.

"பாதி நான் தோண்டினது. நீ தோண்டினது உன் பையில இருந்த சாக்லேட்டைத்தான்" என்றேன்.

"பாதியா? கால்வாசி இருக்கும்" என்றான் ஹால்வர், திரும்பாமலே.

எனக்குச் சுருக்கென்றது. அன்று மண்வெட்டி ஒன்றுதான் இருந்தது. நான் தோண்டியது சமையல் சட்டியால். என் வலது கையில் இரண்டு விரல் நுனிகளுக்கு இன்றைக்கும் குளிர் வந்தால் உணர்ச்சி கிடையாது. அதை நான் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. அதைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் கதையைச் சொல்லும்போது கால்வாசி என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மரங்கள் முடிந்து மேட்டுவெளி தொடங்கிய இடத்தில் பனி விழ ஆரம்பித்தது. பெரிய பெரிய பூக்களாக, சத்தமில்லாமல். எனக்கு அந்தப் பனி ரொம்பப் பிடிக்கும். முகத்தைத் தூக்கி நாக்கை நீட்டினேன், இந்த வயதிலும் செய்வேன். அரை மணியில் பழைய பனியெல்லாம் மூடிப்போய், எங்கும் கணுக்கால் ஆழத்துக்குப் புதுப்பனி. பிறகு மேகம் கலைந்து வெயிலும் வந்துவிட்டது.

அப்போதுதான் ஹால்வர் ஒருமாதிரி நடக்க ஆரம்பித்தான். வழுக்காமல், காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். பசை மெழுகில் புதுப்பனி பட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு எட்டுக்கும் இன்னும் கொஞ்சம் சேரும். சற்று நேரத்தில் அவன் கட்டைகளுக்கு அடியில் ரொட்டி உயரத்துக்குப் பனி. பின்னால் ஒட்வருக்கும் அதே கதிதான்.

"நான் பத்து சென்டிமீட்டர் வளந்துட்டேன். இந்த வயசுல யாருக்கு இந்த பாக்கியம்?" என்றான் ஒட்வர்.

ஹால்வர் கத்தியால் சுரண்டினான். நாலு எட்டு போனான். மறுபடி சுரண்டினான். முகம் சிவந்து, குல்லாய்க்குக் கீழே வியர்வை ஓடியது. என் கட்டைகள் மட்டும் புதுப்பனியில் தங்குதடையில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அவன் பக்கத்தில் வந்து நின்றேன். ரேடியோவைப் பற்றிச் சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டது என் வாழ்நாள் சாதனைகளில் ஒன்று.

"நான் முன்னால போறேன். மிதிச்ச பனின்னா கம்மியா ஒட்டும்" என்றேன்.

அவன் ஓர் அடி ஒதுங்கினான். அவனைத் தாண்டிப் போனேன்.

தாண்டியதும் நின்றுவிட்டேன். சிவப்புப் பை இல்லை. முன்னால் எதுவுமே இல்லை. வெள்ளை, அதற்கு மேல் நீலம், தூரத்தில் மலைமுடி வரிசை. இத்தனை வருடம் இதே இடத்தைக் கடந்திருக்கிறேன், இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது.

"முட்டி வலிக்குதா?" என்று பின்னாலிருந்து ஹால்வர் கேட்டான்.

"இல்ல. பாக்குறேன்" என்றேன்.

ஏரிக்கரை வரைக்கும் நான்தான் தடம் போட்டேன். புதுப்பனியில் தடம் போடுவது லேசான வேலை இல்லை. தொடை எரிந்தது. முட்டிக்குள் யாரோ அடுப்பு பற்றவைத்தது போலச் சூடு ஏறியது. அங்கே ஸ்டெய்னார் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"இங்வில்ட் மூணு தடவ போன் பண்ணிட்டா. அம்மாவ ஏத்தாம வந்தா என்னைத் தொலைச்சிடுவாளாம். ஏறுங்க, தோருன்."

ஏரிக்கு அக்கரையில், சரிவின் மேலே, எங்கள் வீட்டின் புகைபோக்கி பனியிலிருந்து நீட்டிக்கொண்டு தெரிந்தது. குறுக்கே கடந்தால் வீடு. ஸ்கூட்டருக்கு ஏரிக்கோடியில் இருக்கும் அணைப் பக்கமாகச் சுற்றிப் போக மட்டும்தான் அனுமதி, அதுவும் கீழே படகுக் கொட்டகை வரைக்கும்.

ஒட்வர் ஏற்கெனவே கட்டைகளைக் கழற்றிவிட்டான். "எனக்கு மானம் ரோஷம் எல்லாம் மலையடிவாரத்துலயே முடிஞ்சுபோச்சு" என்று உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்தான்.

ஹால்வர் கத்தியை எடுத்து மறுபடி சுரண்ட ஆரம்பித்தான். அவன் உதட்டோரம் வெளுத்திருந்ததை நான் கவனித்தேன். போன வருடம் இதயத்துக்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறான்.

"ஹால்வர். ஏறு."

"நானா?"

"மலையில அடம் பிடிக்கிறவன் முட்டாள்னு வாழ்க்கை பூரா எங்களுக்குப் பாடம் நடத்தினது யாரு? திரும்புறதுல அவமானம் இல்லன்னு சொன்னது யாரு?"

"அப்ப நீயும் ஏறு."

"என் கட்டைல எதுவும் ஒட்டல."

"முட்டி வீங்கியிருக்கு. நடையிலயே தெரியுது."

"வீங்கியிருக்கு. வலிக்குது. அதுக்காக ஏற மாட்டேன். வானம் தெளிவா இருக்கு, அக்கரை தெரியுது, நான் போற வழியெல்லாம் உன் கண்ணுல படும். நின்னா வந்து தூக்கிக்கோ. நிக்க மாட்டேன்."

சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. கட்டைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியில் ஏறிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தான். ஸ்கூட்டர் வளைந்து மறையும் வரைக்கும் அவன் முகம் என் பக்கமே இருந்தது.

நான் ஏரியில் இறங்கினேன்.

அதைப் பற்றி அடக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. நான் பெருமைப்பட்டேன். ஒவ்வொரு தள்ளுக்கும் முட்டி கத்தியது, ஒவ்வொரு தள்ளுக்கும் நான் பெருமைப்பட்டேன். சட்டியால் பனி தோண்டிய கை இது, கலைமானுக்கு நடுவே நின்ற கால் இது, இதில் ஒரு மூட்டு மட்டும்தான் புதுசு என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டேன். கேட்க யாரும் இல்லாததால் இன்னொரு முறையும் சொன்னேன். நடு ஏரியில் ஒரு தடவை கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க நேரமானது. அக்கரைக் கொட்டகைப் பக்கம் ஓர் உருவம் சட்டென்று எழுந்து நின்றது. கையை ஆட்டினேன். அது நின்ற இடத்திலேயே நின்றது, ஓடிவரவில்லை. அதற்கு ஹால்வருக்கு எவ்வளவு பல்லைக் கடிக்க வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கரையேறி நிமிர்ந்தபோது புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. ஆனால் கொட்டகையிலிருந்து வீட்டு வாசலுக்குப் போகும் சரிவில் ஒரு கால்தடம் கூட இல்லை. வாசல் வரைக்கும் பனி பால் மாதிரி அப்படியே கிடந்தது. இவர்கள் எப்படி உள்ளே போனார்கள் என்று புரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன். கொட்டகைக்குப் பின்னால் இடுப்பளவுப் பனியில் கால்தடங்கள் பிர்ச் மரங்களுக்குள் நுழைந்து, பெரிய வட்டமடித்து, வீட்டின் பின்பக்கம் போயிருந்தன.

வீட்டுக் கதவு உள்பக்கமாகத் திறந்தது. ஹால்வர் காலுறையோடு நிலைப்படியில் நின்றான்.

"நேரா வா. அதுல யாரும் கால் வைக்கல."

உள்ளேயிருந்து ஒட்வரின் குரல் வந்தது. "என்னை சமையலறை ஜன்னல் வழியா திணிச்சான், தோருன். வயிறு மாட்டிக்கிச்சு. வாசல் கண்ணுக்கு முன்னாடி இருக்குது, தொடக்கூடாதாம்."

நான் மெதுவாக ஏறினேன். நிலைப்படிக்கு வந்து கட்டையின் முனை மரத்தில் இடித்ததும் திரும்பிப் பார்த்தேன். அக்கரையிலிருந்து வாசல் வரைக்கும் இரண்டே இரண்டு கோடுகள், நடு ஏரியில் ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் கலைந்து. ஹால்வர் குனிந்து என் கட்டைகளைக் கழற்றினான். அந்த ரோமப் பட்டையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு சுவரில் சாய்த்து வைத்தான்.

முட்டியில் பனிப்பையோடு நான் அடுப்பருகே உட்கார்ந்திருந்தபோது இங்வில்ட் கூப்பிட்டாள். ஹால்வர்தான் போனை எடுத்தான். அம்மா ஸ்கூட்டரில் ஒழுங்காக வந்துசேர்ந்தாளா என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது.

"ஸ்கூட்டர்ல வந்தது நானு. உங்கம்மா ஏரிய நடுவால கடந்து தடம் போட்டுட்டு வந்திருக்கா. நாளைக்குப் புள்ளைங்கள அதுலயே கூட்டிட்டு வா. வேற வழியில வராத" என்றான்.

அவள் என்னிடம் பேச வேண்டும் என்றாள். அவன் போனைத் தரவில்லை. ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு, அந்தப் பனிக்குகையைப் பாதி தோண்டியது யார் தெரியுமா என்று அவளிடம் சொல்ல ஆரம்பித்தான்.