இஸ்திரியின் முக்கோணம்

"கால் பக்கம் முதல்ல போகட்டும். கொஞ்சம் சாய்ச்சுத் திருப்புங்க… ஆங், அவ்ளோதான்."

கட்டிலில் படுத்தபடியே அக்கா வழி சொன்னாள். தலைமாட்டைத் தம்பியான அவனும் கால்மாட்டை மாமாவும் பிடித்திருந்தார்கள். கதவு குறுகல். ஆக்ஸிஜன் மெஷினின் குழாய் எங்கே மாட்டிக்கொண்டு பிய்ந்துவிடுமோ என்று அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் கட்டில் நிலையில் இடித்தது.

"டேய், கதவை உடைச்சா உங்க மாமா பணம் தரமாட்டார், நீதான் புதுசு வாங்கித் தரணும்."

"இப்ப இது தேவையாக்கா? முன்ரூமுக்குப் போயே ஆகணுமா?"

"ஏழு பேர் வர்றாங்க. பேப்பரை எங்க விரிப்பாங்க, உன் தலை மேலயா?"

நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வரும். அக்காவின் இதய வால்வு முக்கால்வாசி அடைத்துப்போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்துத் தைத்தால், இவள் நிலைமையில் இருக்கிற நூறு பேரில் பத்துப் பேர் எழுந்து நடப்பார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாள். அவன் விமானம் பிடித்து வந்து இறங்கி, அழுது, சண்டை போட்டு, சாப்பிடமாட்டேன் என்று மிரட்டிய பிறகு ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை. தன் வகுப்பு முடிந்த பிறகுதான் வருவாள். அது முடிகிறவரை வீட்டில் யாரும் குறுக்கே பேசக்கூடாது.

அக்கா ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறவள். சின்னப் பள்ளிக்கூடங்களுக்கு வாத்தியாராகப் போகிறவர்களுக்கு வடிவியலும் நிகழ்தகவும் அவள் பொறுப்பு. சின்னப் பிள்ளைகளின் கணக்கைப் பெரியவர்களுக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது என்றுதான் அவன் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். அவள் வகுப்பை அவன் பார்த்ததே இல்லை.

"அடுத்த வாரம் இவங்களை ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்கடா," என்றாள், கட்டில் நின்றதும். "நான் படுத்துட்டேன்ல, பதிலுக்கு வந்தவரு எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணச் சொல்லிட்டாராம். முக்கோணத்துல மூணு கோணமும் சேந்தா நூத்தியெண்பதுன்னு ஒப்பிச்சுட்டுப் போயி, அந்தப் பிள்ளைங்க ஏன்னு கேட்டா என்ன பண்ணுவாங்க?"

"முழிப்பாங்க. என்னை மாதிரி."

"உன்னை மாதிரி இன்னும் நாப்பது பேரை உருவாக்குவாங்க. ஊர் தாங்காது."

அவன் சிரிக்கவில்லை. "அக்கா, நல்லா யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணு நல்லாகும், இல்லன்னா ஆகாது. ரெண்டே வழிதான? அப்போ பாதிக்குப் பாதி இருக்குல்ல. டாக்டர் என்னமோ பத்துன்னு பயமுறுத்துறார்."

அவளுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. "ரோட்டைத் தாண்டுறேன்னு வை. லாரி அடிக்கும், இல்ல அடிக்காது. அதுவும் பாதிக்குப் பாதியா? அப்போ இந்நேரம் தெருவுல பாதிப் பேர் காலி."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கைபேசியை எடுத்து மணி பார்த்தான். அந்நிய ஊரில் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவனுக்கு அதுவே வியாதியாகிவிட்டது. லீவு எப்போது முடிகிறது, வேலை பர்மிட் எப்போது முடிகிறது, வீட்டிலிருந்து வரும் அழைப்பு என்ன செய்தியோ என்று எதையாவது எண்ணிப் பயந்துகொண்டே இருப்பான்.

மூன்று மணிக்கு முன்பே ஏழு பேரும் வந்துவிட்டார்கள். ஐந்து பெண்கள், இரண்டு ஆண்கள். ஆண்களில் ஒருவர் நாற்பதைத் தாண்டியவர். பஸ் கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு வாத்தியாராகப் போகிறவர் என்பதால் எல்லாருக்கும் அவர் கண்டக்டர்தான். பெண்களில் ஒருத்தியின் பெயர் இஸ்திரி. அவள் துணியிலும் நோட்டிலும் ஒரு மடிப்பைக்கூடப் பார்க்க முடியாது என்று அக்கா வைத்த பெயர். ஏழு பேரும் வாசலில் நின்று அக்காவைப் பார்த்தார்கள். மெலிந்துபோன அந்த முகத்தைப் பார்த்து யாரும் உள்ளே வரவில்லை.

"எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்காதீங்க. உள்ள வந்து உக்காருங்க," என்றாள் அக்கா. "ஃபேனை நிறுத்துடா, பேப்பர் பறக்கும்."

முதலில் டிராயிங் பின், பலகையில் தாளைக் குத்துகிற தட்டைத்தலை ஆணி. ஆளுக்கு ஒரு டம்ளரில் பத்துப் பின்கள். குலுக்கித் தட்டில் கொட்டினால் சில மல்லாந்து முனையை மேலே நீட்டிக்கொண்டு விழும், சில சாய்ந்து விழும். கொட்டுவதற்கு முன்னால் யூகம் சொல்ல வேண்டும்.

"பாதிக்குப் பாதி மேடம்," என்றார் கண்டக்டர். "மல்லாந்து விழும், இல்லன்னா சாயும். ரெண்டே வழி."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். அக்கா புருவத்தைத் தூக்கித் தம்பியைப் பார்த்தாள். "உன் கட்சிக்கு ஏழு பேர் சேந்துட்டாங்க."

கொட்டினார்கள். மறுபடி மறுபடி கொட்டினார்கள். ஒருவருக்கு வந்த மாதிரி இன்னொருவருக்கு வரவில்லை. கண்டக்டருக்கு ஒரு தடவை எல்லாமே சாய்ந்து விழுந்தன. அடுத்த தடவை முக்கால்வாசி மல்லாந்தன. ஆனால் எல்லாருடையதையும் ஒன்றாகச் சேர்த்துப் போடப் போட, நூற்றுக்கு எத்தனை மல்லாந்தன என்று ஆடிக்கொண்டிருந்த கணக்கு மெல்ல ஒரு இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தது. அது பாதி இல்லை. யாரும் எதிர்பார்க்காத ஒரு இடம்.

"யார் சொல்லி மேடம் இதுங்க அங்க வந்து நிக்குது?" என்று கேட்டாள் ஒருத்தி, குரலைத் தாழ்த்தி.

அக்கா பதில் சொல்லவில்லை. அவள் எதற்கும் பதில் சொல்வதில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. கேட்பவளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள். கொஞ்ச நேரத்தில் கேட்டவளே இன்னொரு கேள்வியைக் கண்டுபிடித்துக்கொள்வாள்.

"இப்ப முக்கோணம்," என்றாள் அக்கா. அவள் குரல் இறங்கிவிட்டிருந்தது. "ஆளுக்கு ஒண்ணு… எப்படி வேணா வரைங்க. பக்கத்துல இருக்கறவங்களுது மாதிரி இருக்கக் கூடாது. மூணு மூலையையும் பிச்சு எடுங்க. மூணையும் ஒரு புள்ளியில சேத்து வைங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அதன்பிறகு அவள் பேசவில்லை.

தரையில் ஏழு பேரும் குனிந்தார்கள். கண்டக்டர் ஊசி மாதிரி நீண்ட முக்கோணம் ஒன்றை வரைந்தார். பக்கத்தில் ஒருத்தி குட்டையாக, சப்பையாக வரைந்தாள். காகிதம் கிழியும் சத்தம். கிழித்த மூன்று மூலைகளையும் முனையோடு முனை சேர்த்து வைத்தபோது கண்டக்டருடையதன் ஓரம் ஒரே நேர்கோடாக வந்து நின்றது. சப்பை முக்கோணமும் நேர்கோடு. அடுத்ததும் நேர்கோடு.

"என்னய்யா இது," என்றார் கண்டக்டர். "பின் சொன்ன பேச்சே கேக்கல. இது என்னன்னா எல்லாருக்கும் ஒரே மாதிரி வருது."

அவன் குனிந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தான். நேர்கோடு என்றால் நூற்றியெண்பது பாகை; பள்ளியில் அவனும் அதை ஒப்பித்தவன்தான். அந்த எண் இப்படித் தரையில், இவ்வளவு வெவ்வேறு தாள்களுக்குள், யாரும் வைக்காமலே உட்கார்ந்திருக்கிறது என்று அவனிடம் யாரும் காட்டியதில்லை. அவன் மணி பார்க்க மறந்துபோனான்.

இஸ்திரிக்கு மட்டும் வரவில்லை. அவள் மூலைகளைக் கிழிக்கவில்லை. பையிலிருந்து கத்தரிக்கோல் எடுத்து ஒழுங்காக வெட்டியிருந்தாள். மூன்று துண்டும் அழகாக இருந்தன. சேர்த்து வைத்தால் கூரை மாதிரி மடங்கின. திருப்பி வைத்தாள். இப்போது வேறு மாதிரி மடங்கின.

"எனக்கு மட்டும் ஏன் வரல?" அவளுக்குக் காது சிவந்துவிட்டது. "என் முக்கோணம் மட்டும் தப்பா?"

ஒருத்தி வாயைத் திறந்தாள். கண்டக்டர் அவள் முழங்கையைத் தட்டினார். மேடத்தின் வகுப்பில் அடுத்தவருக்குச் சொல்லக்கூடாது. ஆறு பேரும் இஸ்திரியின் துண்டுகளையே பார்த்தார்கள். அவனும் எட்டிப் பார்த்தான். நேராக வெட்டியதால் ஒவ்வொரு துண்டுமே ஒரு குட்டி முக்கோணமாகிவிட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் மூன்று முனை. அதில் எது பழைய முனை, எது கத்தரிக்கோல் போட்ட முனை? இது அவனுக்கே தோன்றியது, யாரும் சொல்லாமல். அதைச் சொல்ல அக்காவின் பக்கம் திரும்பினான்.

அக்கா இஸ்திரியின் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. போர்வை ஏறி இறங்கவில்லை.

அவன் அதையே பார்த்தான். ஏறவில்லை. மெஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கையை நீட்டி அவள் மணிக்கட்டைத் தொட்டான். கழுத்தடியில் விரல் வைத்தான். மூக்கருகே புறங்கையைக் கொண்டுபோனான். குழாயின் காற்று மட்டும் வந்தது.

அக்கா என்று கத்த வாயைத் திறந்தான். தரையில் இஸ்திரி ஒரு துண்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மூன்று முனைகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

மாமா டீத் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தார். வாசலிலேயே நின்றார். கட்டிலைப் பார்த்தார், பிறகு அவனை. அவன் மெதுவாகத் தலையசைத்தான். ஆமாம் என்றா, பேசாதீர்கள் என்றா என்று அவனுக்கே தெரியவில்லை.  மாமா தட்டை ஒரு கணம் சுவரோடு சாய்த்துப் பிடித்து, பிறகு உள்ளே வந்தார். குனிந்து ஆளுக்கு ஒரு டம்ளராக வைத்தார்.

"சூடா இருக்கு, பாத்து," என்றார் கடைசிப் பெண்ணிடம்.

பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

இஸ்திரி நடுவில் மிஞ்சிய தாளை எடுத்தாள். மூலை போன இடங்களில் துண்டுகளைத் திரும்ப வைத்துப் பார்த்தாள். ஒன்று பொருந்தியது. இன்னொன்று. மூன்றாவது. முழு முக்கோணமும் மறுபடி தரையில் கிடந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூன்று முனைகளிலும் பேனாவால் ஒரு பொட்டு வைத்தாள். துண்டுகளை எடுத்து, பொட்டும் பொட்டும் பொட்டுமாகச் சேர்த்தாள்.

நேர்கோடு.

யாரும் கைதட்டவில்லை. ஏழு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், டீ ஆறிக்கொண்டிருந்தது.

"மேடம்," என்றாள் இஸ்திரி, தாளிலிருந்து கண்ணெடுக்காமல். "எவ்ளோ பெருசா வரைஞ்சாலும் இப்படித்தான் வருமா?"

அறையில் மெஷின் சத்தம் மட்டும்.

"மேடம் என்னிக்குச் சொல்லியிருக்காங்க?" என்றார் கண்டக்டர். "வரைஞ்சு பாரு."

இஸ்திரி தலையாட்டினாள். அதுதான் பதில் என்பதுபோல எழுந்தாள். "சார், பழைய பேப்பர் இருக்குமா?"

அவன்தான் எடுத்துக் கொடுத்தான்.  அவர்கள் செய்தித்தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, தரை முழுவதும் பரப்பினார்கள். ஒருத்தி ஸ்கேலைப் பிடிக்க, இன்னொருத்தி தள்ள, இஸ்திரி முட்டி போட்டு ஊர்ந்துகொண்டே முதல் கோட்டை இழுத்தாள்.

வாசலில் நிழல் விழுந்தது. காக்கிச் சட்டை போட்ட ஆம்புலன்ஸ் டிரைவர் உள்ளே ஒரு கால் வைத்திருந்தார்.

"பேஷன்ட் யாருங்க?"

மாமா தலைநிமிரவில்லை. அவன் டிரைவரைப் பார்த்து, கொஞ்சம் இருங்கள் என்று கையால் காட்டினான்.

டிரைவர் கட்டிலைப் பார்த்தார். தொழிலில் ஊறிய கண், அவருக்கு நேரமெடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஸ்கேல் அவரருகே வந்து நின்றது. இஸ்திரி நிமிராமல், "சார், கால்," என்றாள்.

அவர் தன் காலை எடுத்துத் தள்ளி வைத்தார். கோடு அந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று.