வல்லிநாயகம் எழுதிய தண்ணீர் நிலவரம்

2023 ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை, காலை 5.42-க்கு, இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்த வல்லிநாயகம் கடையம் களத்தில் எழுதினார்: "ஐந்தருவியில் நாலு கிளையில் தண்ணீர். பழைய குற்றாலம் சுமார். கூட்டம் இல்லை. வருகிறவர்கள் ஏழு மணிக்குள் வரவும்." பதினோரு பேர் நன்றி சொன்னார்கள். மெயின் அருவி எப்படி என்று ஒருவர் கேட்டார். தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தொடவில்லை, குளிக்கலாம் என்று பதில் வந்தது. அந்தக் களத்தை நடத்திவந்த எபனேசர், பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர், அதைப் படித்துவிட்டுத் தென்காசிக்கு பஸ் ஏறினார். பழைய பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. ஓய்வுபெற்ற லைன்மேன் வல்லிநாயகம், மேலகரம், 14.6.2023. பசை காய்ந்து ஒரு மூலை பெயர்ந்திருந்தது. எபனேசர் மூன்று தடவை படித்தார். வாங்க வந்த மிக்ஸி ஜாரை வாங்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பினார்.

களம் என்று அவர்கள் சொன்னது, தங்களுக்குள் எழுதிப் படிக்க அவர்களே இணையத்தில் நடத்திய பேச்சுப் பலகையை. தென்காசியில் ரூபியின் ஜெராக்ஸ் கடை மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் அணைக்கப்படாமல் ஓடியது. கடையத்தில் எபனேசர் வீட்டுத் தையல் மிஷினுக்கு அடியில் ஒன்று. சவூதியில், தம்மாமில் வேலைபார்த்த மன்சூர் தங்கியிருந்த அறையில், கட்டிலுக்குக் கீழே, சோப்புப் பெட்டி அளவில் ஒன்று. வாசுதேவநல்லூரில் ஒன்று, சுந்தரபாண்டியபுரத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அதை வைத்திருந்தவரே பொறுப்பு. மேலே முதலாளி கிடையாது, கம்பெனி கிடையாது. ஒரு களத்தில் எழுதினால் மற்ற நாலுக்கும் பிரதி போய்ச் சேரும். ஒத்துவராத களத்தை யார் வேண்டுமானாலும் தன் பக்கமிருந்து துண்டிக்கலாம். பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதன் பிறகு அந்த ஊரில் என்ன நடந்தாலும் இந்த ஊருக்குத் தெரியாது, இங்கே எழுதுவது அங்கேயும் போகாது.

2017 முதல் ஆறு வருடம் அப்படி ஒரு வரியை யாரும் சேர்க்கவில்லை. அந்த ஆறு வருடங்களை எபனேசர் பிறகு அடிக்கடி நினைத்தார். சீசன் காலையில் 5.42-க்கு வல்லிநாயகத்தின் நிலவரம் வரும். தம்மாமில் அப்போது மூன்று பன்னிரண்டு. மன்சூர் அலாரம் வைத்து எழுந்து அறையிலிருந்த எட்டுப் பேருக்கும் வாசித்துக் காட்டுவார். பிறகு எல்லோரும் ஏசியை அணைத்துவிட்டுத் தூங்குவார்கள், தேவைப்படாது. குளிப்பதற்கு முன் எண்ணெய் தேய்ப்பதா, அருவிக்குப் போய்த் தேய்ப்பதா என்று நாலு நாள் பேசினார்கள். ரம்புட்டானைக் கடித்துத் திறப்பவனோடு சம்பந்தம் வைக்கலாமா என்று எண்பத்தோரு பதிவு. சுந்தரபாண்டியபுரத்துக்காரர் சூரியகாந்தி பூத்துவிட்டது என்றும், சினிமாக்காரர்கள் வரப்பை மிதிக்கிறார்கள் என்றும் வருடந்தோறும் ஒரே வாக்கியத்தில் எழுதினார். ஜூலை இரண்டாம் ஞாயிறு ஐந்தருவி கார் ஸ்டாண்டில் சந்திப்பார்கள். முதல் வருடம் முகம் தெரியாமல் எல்லோரும் எல்லோரையும் உற்றுப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார்கள். வல்லிநாயகம்தான் துண்டை உதறி, "இதுல கடையத்துக்காரன் எவம்ல?" என்று சத்தம் போட்டார். எபனேசர் கையைத் தூக்கினார். அதிலிருந்து இருவரும் சிநேகம்.

2023 மே 27 அன்று, சீசன் தொடங்கிவிட்டது என்று வல்லிநாயகம் அறிவித்தார். அவர் சொன்னால்தான் சீசன். ஆனால் அன்று விழுந்தது கோடைமழைத் தண்ணீர். மூன்று நாளில் பாறை காய்ந்தது. மன்சூர் அதற்குள் அந்த வருடத்தின் ஒரே லீவைப் போட்டு விமானம் ஏறியிருந்தார். காய்ந்த பாறை முன்னால், தோளில் துண்டோடு நிற்கும் படத்தைத் தென்காசிக் களத்தில் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். "அண்ணாச்சி, கரண்டு கம்பத்துல தண்ணி வருதான்னு ஏறிப் பாரும்" என்று ஒருவர் எழுதினார். வல்லிநாயகம் பதில் சொல்லாமல் அந்தக் களத்தை விட்டு விலகிக் கடையத்தில் வந்து பதிந்துகொண்டார். கேலி அங்கேயும் தேடி வந்தது. எபனேசர் ஜூன் 2 அன்று இரண்டு வரி சேர்த்தார். தென்காசி. தம்மாம்.

உண்மையான சாரல் ஜூன் 14 அன்று தொடங்கியது. மன்சூர் தம்மாமுக்குத் திரும்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று விடியும் முன், ஐந்தருவிக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த வல்லிநாயகம் நெஞ்சைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்தார். எழவில்லை. ரூபி தென்காசிக் களத்தில் செய்தியைப் போட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அஞ்சலி எழுதினார்கள். கடையத்துக்கு அதில் ஒன்றும் வரவில்லை. கடையத்துக்கு வந்தது 5.42-க்கு ஒரு நிலவரம். "ஐந்தருவியில் மூன்று கிளை. இது சாரல்தான்."

போஸ்டரைப் பார்த்த மறுநாள் எபனேசர் பைக்கில் ஐந்தருவி போனார். நாலு கிளை விழுந்தது. மூன்றாம் கிளைக்கு அடியில் ஆண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. யாரும் அதில் நுழையவில்லை, யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. எபனேசரின் போன் அடித்தது. "நாலு கிளை. கடையத்து ஆள் ஒருத்தர் குளிக்காமல் வேடிக்கை பார்க்கிறார்." எபனேசர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளித்தார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி ஞானபாக்கியம் தலை துவட்டத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"போஸ்டர் ஒட்டியாச்சு, பதினாறும் முடிஞ்சாச்சு, அவுக இன்னும் குளிச்சு முடிக்கலையாக்கும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை முத்துசெல்வி வந்தார். வல்லிநாயகத்தின் மனைவி. பால் கவரில் சுற்றி ஒரு போனைக் கொண்டுவந்திருந்தார். சிம்மை எடுத்தாகிவிட்டது, சார்ஜ் இல்லை, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தார். ஆனாலும் தினமும் விடிந்ததும் நனைந்திருந்தது.

"தொடைச்சுத் தொடைச்சு வைக்கேன் அண்ணாச்சி. சேலையெல்லாம் ஈரமாவுது. அவுக கடைசியில பேசிக்கிட்டு இருந்தது உங்ககிட்டதான். அதான் கேக்க வந்தேன்."

எபனேசர் திரையைக் காட்டினார். முத்துசெல்வி இருபத்தொரு நாள் நிலவரத்தையும் விரல் வைத்துப் படித்தார்.

"அவுகளுக்குத் தெரியாதோ?"

"இங்கன யாரும் சொல்லல மைனி."

"அப்பம் சொல்ல வேண்டாம்."

அதன்படியே நடந்தது. எபனேசர் வெளியார் படிக்க முடியாதபடி களத்தைப் பூட்டினார். ஆகஸ்டில் வாசுதேவநல்லூரிலிருந்து ஒருவர், நம்ம லைன்மேன் அண்ணாச்சி போய்விட்டாராமே என்று எழுதினார். எபனேசர் நாலு நிமிடத்தில் அதை அழித்தார், வாசுதேவநல்லூரைத் துண்டித்தார். மறு வருடம் சுந்தரபாண்டியபுரம். சூரியகாந்தி பூத்ததா என்று அதன் பிறகு தெரியவில்லை. கடையத்துக்காரர்களும் பேச ஆள் இல்லாமல் ஒவ்வொருவராக விலகினார்கள். 2025-இல் மூன்று பேர் மிஞ்சினார்கள்: எபனேசர், ஞானபாக்கியம், மத்தளம்பாறை வழியாக சனிக்கிழமை தோறும் பஸ்ஸில் வந்து ஒரு வார நிலவரத்தையும் சேர்த்துப் படித்த முத்துசெல்வி. எபனேசர் பழைய பதிவுகளை எடுத்துப் படிப்பார். எண்ணெய் விவாதம் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. தன்னிடம் பிரதி இல்லாத இரண்டு வருடத்தில் அவர்கள் எதைப் பற்றியெல்லாம் சண்டை போட்டிருப்பார்கள் என்று யோசிப்பார்.

அந்த ஜூனில் ரூபி நேரில் வந்தார். கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். களத்தை வைக்க வேறு இடம் இல்லை. மன்சூரின் சோப்புப் பெட்டி கொள்ளாது. மாதக் கடைசிக்குள் கடையம் வாங்கிக்கொள்ளாவிட்டால் எட்டு வருடப் பேச்சும் போய்விடும்.

"உங்க கோவமெல்லாம் இன்னுமா இருக்கு அண்ணாச்சி? ஆளே போயாச்சு."

எபனேசர் அவருக்கும் திரையைக் காட்டினார். ரூபி அன்றைய நிலவரத்தைப் படித்தார்.

"மூணு கிளைன்னு போட்டிருக்காவ. சரிதான். நான் காலையில பாத்துட்டுதான் வாரேன்."

"அந்த அஞ்சலிய மட்டும் எடுத்துட்டு மத்தத அனுப்ப முடியாதா?"

"எத எடுக்க? தினம் காலையில யாராவது ஒருத்தர் 'அண்ணாச்சி இருந்திருந்தா'ன்னு எழுதுதாவளே. ரெண்டு வருசமும் அதுதான்."

வாங்கினால் வல்லிநாயகம் தன் சாவைப் படிப்பார். வாங்காவிட்டால் அறுநூறு பேர் பேசியது அழியும். எபனேசர் மூன்று நாள் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுந்தார். நாலாம் நாள் மேலகரம் போய் முத்துசெல்வியிடம் சொன்னார். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, சேலை மாற்றி, கூடவே பஸ் ஏறினார்.

"ஊரார் சொல்லித் தெரியதுக்கு முன்ன நானே சொல்லிருதேன். நான் சொல்லுததை அடிங்க."

எபனேசர் விரல்களைப் பலகையில் வைத்தார். விரல் ஓடவில்லை. ஞானபாக்கியம் அவரை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முத்துசெல்வி சொல்லச் சொல்ல அடித்தார்:

"நான் முத்துசெல்வி. நீங்க இறந்து ரெண்டு வருசம் ஆச்சு. சாரல் விழுந்த அன்னைக்கு. காரியமெல்லாம் குறையில்லாம நடந்துது. பதினாறுக்கு உங்க அக்கா மட்டும் வரல."

அன்று பகல் முழுவதும் பதில் இல்லை. முத்துசெல்வி ஊருக்குப் போகவில்லை. ஞானபாக்கியம் போட்ட காப்பியை ஆறவிட்டுக் குடித்தார். எபனேசர் தையல் மிஷின் அருகிலேயே பாயை விரித்துக்கொண்டார். அவரால் இன்னொரு முறை அந்த போஸ்டரைப் படிக்க முடியாது.

மறுநாள் 5.42 ஆனது. 5.43-ம் ஆனது. 5.46-க்கு வந்தது.

"ஐந்தருவியில் நாலு கிளை. மெயினில் கூட்டம். அக்கா வரமாட்டாள் என்று எனக்கு அப்பமே தெரியும்."

முத்துசெல்வி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எபனேசர் பட்டியலிலிருந்த நாலு வரியையும் அழித்தார்.

தென்காசிக் களம் முழுவதும் வந்துசேர மூன்று நாள் பிடித்தது. வல்லிநாயகம் இருநூற்றுப் பன்னிரண்டு அஞ்சலிக்கும் தனித்தனியாக நன்றி எழுதினார். போஸ்டரில் போட்ட படம் தனக்குப் பிடிக்கவில்லை என்று ரூபியிடம் குறைபட்டார். மன்சூரிடம் மன்னிப்புக் கேட்டார். முதல் வாரம் சிலர் தயங்கினார்கள். இரண்டாம் வாரம் பழைய குற்றாலம் பற்றி ஒரு சண்டை வந்தது. ஒருவர் அவரை "நீரு போய்ச் சேர்ந்தும் திருந்தலையே ஓய்" என்று ஏசினார். எபனேசர் அதை மூன்று தடவை வாசித்தார். சூரியகாந்தி பூத்துவிட்டது, சினிமாக்காரர்கள் வரப்பை மிதிக்கிறார்கள் என்று சுந்தரபாண்டியபுரத்திலிருந்து செய்தி வந்தது. சந்தேகம் கேட்கிற யாருக்கும் வல்லிநாயகம் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுகிறார்.

முத்துசெல்வி சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. போன வாரமும் வந்தார். வாரம் முழுவதையும் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர், திரும்பி வந்து திரைக்கு முன்னால் குனிந்தார்.

"ஊருக்கெல்லாம் பதில் சொல்லுதீய. வீட்டுக்கு எப்பம் வாரீய?"