உள்ளே இன்னொருவர்

ஏழு வயது மகளை அம்மா கூப்பிடுவது வாலு என்று. ஓரிடத்தில் உட்கார்ந்தால்தானே! ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சாப்பாட்டு மேசையை விட்டு அசையவே இல்லை. கம்ப்யூட்டரில் கட்டளை தட்டக் கற்றுக்கொடு என்று காலையிலிருந்தே அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை. கணவனின் அடி பொறுக்க முடியாமல் கோர்ட்டில் அவனுக்குத் தடை உத்தரவு வாங்கி, யாரிடமும் சொல்லாமல், மகளோடு இந்த ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. போன் நம்பரை மாற்றினாள், பாஸ்வேர்டுகளை மாற்றினாள். அவசரத்தில் அள்ளிக்கொண்டு வந்த சாமான்களோடு இந்தப் பழைய லேப்டாப்பும் வந்துவிட்டது. குழந்தை விளையாடட்டும் என்று கொடுத்திருந்தாள்.

"மவுஸை விடு. இந்தக் கறுப்புத் திரையில நாம எழுதினா அது பதில் சொல்லும். டபிள்யூ, ஹெச், ஓ தட்டு பாப்போம்."

"அப்படின்னா?"

"உள்ள யாரு இருக்கான்னு கேக்கறோம். உன் பேரு வரும் பாரு."

வாலு ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினாள். "ரெண்டு வரி வந்திருக்கும்மா."

அம்மா சிரித்தபடி குனிந்தாள். முதல் வரியில் மகளின் பெயர். அடுத்த வரியில் கணவனின் பெயர்.

இந்த லேப்டாப்பை அமைத்துக்கொடுத்தவன் அவன்தான். வெளியிலிருந்தே உள்ளே நுழைய வழி வைத்திருக்கிறான்.

"அது அப்பா," என்றாள் வாலு சர்வசாதாரணமாக. "நேத்து நீ குளிக்கப் போனப்போ இந்தத் திரை தானா திறந்துச்சு. அப்பா எழுதினாரு. உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு."

"நீ என்ன எழுதின?"

"ஜன்னல்ல என்ன தெரியுதுன்னு கேட்டாரு. ஊர் பேரு, பெட்ரோல் பங்க், எதிர்ல நம்ம மஞ்சள் கட்டடம்... எழுதி முடிக்கறதுக்குள்ள நீ வந்துட்ட. வேகமா எழுதத்தாம்மா கத்துக்கறேன்."

அப்போது திரையில் புதிதாக ஒரு வரி முளைத்தது. 'அம்மா பக்கத்துல இருக்காளா?'

அம்மா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, மகள் தட்டுவதுபோல் மெதுவாகத் தட்டினாள். 'தூங்கறாங்க. நீ எங்க இருக்க?'

'பெட்ரோல் பங்க்ல. எந்த மாடி? சத்தம் போடாம கீழ வா. ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்.'

'ஷூ போட்டுட்டு வரேன்,' என்று தட்டினாள். ஜன்னல் பக்கம் போகவே இல்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மேல்மாடியில் குடியிருக்கும் நர்ஸ் வீட்டுக்கு வெறுங்காலோடு ஏறினாள். அங்கிருந்து போலீசுக்குப் போன் செய்தாள். நர்ஸ் திரைச்சீலையை லேசாக விலக்கிப் பார்த்தாள்.

"வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் கார்ல சாஞ்சுக்கிட்டு ஒவ்வொரு ஜன்னலா பாத்துட்டு இருக்காரு."

போலீஸ் வந்தபோது அவன் சிரித்துப் பேசினான், கை குலுக்கினான். அவன் அவர்களை நெருங்கக் கூடாது என்ற கோர்ட் உத்தரவை அம்மா காட்டிய பிறகுதான் அவனை வண்டியில் ஏற்றினார்கள்.

"நாளைக்கு வரைக்கும்தான் உள்ள வெச்சிருக்க முடியும்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

அம்மா அப்போதே பெட்டியை எடுத்துத் துணிகளைத் திணிக்கத் தொடங்கினாள்.

"எந்த ஊருக்கும்மா போறோம்?" வாலு கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

அம்மா நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். "போய்ச் சேந்ததும் சொல்றேன்," என்றாள்.