தட்டாத பந்து

1

இந்தக் கதை ஒரு சண்டையில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மனத்துக்குள் ஏதோ பொறி விழுந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நடந்தது வேறு. மதியச் சாப்பாடு முடிந்து நான் எழுத உட்காரும் நேரம் பார்த்து மேல்வீட்டில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு எதுவோ நீளமாக உருண்டுபோய்ச் சுவரில் இடிக்கும். மறுபடி டொக். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தேன். “எழுத வரலைன்னா வரலைன்னு சொல்லு, மேல்வீட்டு மேல பழி போடாத” என்றார் என் வீட்டுக்காரர். அந்தப் பேச்சு தாங்காமல்தான் மாடியேறிப் போய் மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தவள் கையில் ஒரு கோல்ஃப் மட்டை இருந்தது. சண்டை போடப் போன இடத்தில் எதிராளி இரும்புத் தடியோடு நின்றால் நம் குரல் தானாக இறங்கிவிடுகிறது. “சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்” என்றேன்.

[‘அவர்’ என்று மரியாதையாக எழுதிப் பார்த்தேன். பாராட்டு விழாவில் மாலை போடுவதுபோல் இருந்தது. என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள். ‘அவள்’ என்றே இருக்கட்டும்.]

2

அவள் கதையைக் கேட்டுவந்து முதலில் எழுதிய தொடக்கம் இது:

பனி விலகாத புல்வெளியில் அவள் தன்னந்தனியாக நின்றாள். அவள் எதிரே வாழ்க்கை என்னும் —

இங்கேயே நிறுத்திவிட்டேன். ‘வாழ்க்கை என்னும்’ என்று தொடங்கிய எந்த வாக்கியமும் உருப்பட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாவது:

பள்ளியில் அவள் ஹாக்கி ஆடினாள்.

இது பரவாயில்லை. உண்மையும்கூட. ஹாக்கியில் பந்தைக் கண்டபடி தூக்கி அடிப்பது தப்பு. இவள் அடித்தால் பந்து தரையில் நிற்காது. ஒருநாள் அது விளையாட்டு ஆசிரியையின் ஸ்கூட்டர் கண்ணாடியைப் பதம் பார்த்தது. “தூக்கி அடிக்கிறதுதான் உனக்கு வரும்னா, தூக்கி அடிக்கிற விளையாட்டுக்கே போயேன்” என்று ஆசிரியை கத்தினார். கோபத்தில் சொன்னதை அறிவுரையாக எடுத்துக்கொண்டாள். அப்பா பஸ் ஓட்டினார். அவர் ஓட்டிய தடத்தின் கடைசி நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. கதை எழுதுகிறவளுக்கு இதைவிட வசதியான அப்பா கிடைக்கமாட்டார். நானாக வைத்திருந்தால் நீங்கள் நம்பியிருக்கமாட்டீர்கள்.

இருபத்திரண்டு வயதில் தொழில்முறை ஆட்டக்காரி ஆனாள். விமான நிலைய நாற்காலிகள், ஓட்டல் அறைகள், காய்ப்புக் காய்த்த உள்ளங்கை. ஒரு கையில் மட்டும் உறை போட்டு ஆடியதால் அந்தக் கை வெளுத்தும் மற்றது கறுத்தும் இருந்தது. ஓட்டல் வரவேற்பில் சாவி கொடுக்கிறவர்கள் எல்லாரும் என்ன நோய் என்று பார்வையாலேயே கேட்பார்களாம். பெரிய பெயர் இல்லை, ஆனால் ஒதுக்கிவிடவும் முடியாத ஆட்டக்காரி. பந்தயத் தொடரில் அவள் பெயர் பட்டியலின் நடுவில் வருடா வருடம் இருந்தது.

முப்பத்தெட்டாம் வயதில் கை உதற ஆரம்பித்தது. தூரத்து அடியில் ஒன்றுமில்லை. குழிக்குப் பக்கத்தில், குழந்தைகூடத் தள்ளிவிடும் தூரத்தில் பந்து கிடக்கும்போதுதான் மணிக்கட்டு தன்னிஷ்டத்துக்குத் துள்ளும். இதற்கு அந்த விளையாட்டில் ஒரு பெயர் உண்டு. ஆடுகிறவர்கள் அதை வாயால் சொல்வதில்லை. சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். அவளும் என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை, “அது” என்றுதான் சொன்னாள்.*

* அடிக்குறிப்பு: நானும் சொல்லத் தயங்கும் பெயர் ஒன்று உண்டு. ஆட்டக்காரரின் பையைச் சுமந்துவருபவரைக் ‘கேடி’ என்பார்கள். தமிழில் எழுதினால் ஆளைப் போலீஸ் தேடுவதுபோல் இருக்கிறது. அதனாலேயே இந்தக் கதையில் அவருக்கு இடமில்லை. நல்ல மனிதர் என்று கேள்வி.

3

இனி வாத்து.

இவளோடு ஆடியவள். கால்களை விரித்து நடப்பதால் அந்தப் பெயர். இருவரும் ஒரே வருடம் தொழிலுக்கு வந்தவர்கள். எந்த ஊரில் பந்தயம் என்றாலும் ஒரே அறை, இரட்டைக் கட்டில். ஒருத்தி குளிக்கும்போது மற்றவள் அயர்ன் பண்ணுவாள். ஒருத்தி தோற்ற அன்று மற்றவள் வாயை மூடிக்கொண்டு டிவி பார்ப்பாள். கை உதறல் வந்த பிறகு அறையில் கட்டில் காலைக் குறிவைத்துப் பந்தைத் தட்டித் தட்டிப் பழகியவளையும், அது கோணிப்போனதையும் பார்த்த ஒரே ஆள் வாத்துதான்.

ஆறு வருடம் முன்பு ஓர் இறுதிச் சுற்றில் இருவரும் மோத வேண்டி வந்தது. இருவருக்கும் வயதாகிவிட்டது, இருவருக்கும் அந்த வருடம் மோசமாகப் போயிருந்தது. ஜெயிப்பவளுக்குத்தான் அடுத்த வருடம் தொடரில் ஆடும் உரிமை. தோற்பவள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அது ஒவ்வொரு குழியாக இருவர் நேருக்கு நேர் ஆடும் வகை. பதினேழு குழி முடிந்தபோது சமம். கடைசிக் குழியை வாத்து ஐந்து அடியில் முடித்துவிட்டாள். இவளோ மூன்றே அடி அடித்திருந்தாள். பந்து குழியிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டரில் கிடந்தது. தட்டி உள்ளே தள்ளினால் கோப்பை. தவறினால் சமம், இன்னொரு குழி ஆட வேண்டும். அந்தக் கையோடு.

இவள் குனிந்தாள். மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தாள்.

“எடுத்துக்கோடி” என்றாள் வாத்து.

இந்த வகை ஆட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. ‘இது எப்படியும் உள்ளே போய்விடும், நீ தட்ட வேண்டாம், தட்டியதாகவே வைத்துக்கொள்’ என்று எதிராளி விட்டுக்கொடுக்கலாம். விரல் நீளத்தில் கிடக்கும் பந்துக்குச் சொல்வார்கள். கோப்பையைத் தீர்மானிக்கும் பந்துக்கு, அதுவும் ஒரு மீட்டரில், யாரும் சொல்லமாட்டார்கள். வாத்து சொன்னதோடு நிற்கவில்லை. நேராக நடந்துவந்து பந்தைப் பொறுக்கி இவள் கையில் வைத்துவிட்டாள்.

[விதி: ஒருமுறை விட்டுக்கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. சரி. ஆனால் பெறுகிறவள் வேண்டாம் என்று மறுக்கவும் முடியாது. கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டிய பரிசு.]

மறுநாள் பத்திரிகைகளில் வாத்தின் முகமும் இவள் முதுகும் வந்தன. பெருந்தன்மை, பெருந்தன்மை என்று எல்லாரும் எழுதித் தள்ளினார்கள். வாத்துக்கு விருது கொடுத்தார்கள், பிறகு டிவியில் வர்ணனையாளர் வேலை. கோப்பை இவளிடம் இருக்கிறது. பால்கனியில் துணி கிளிப் போட்டு வைத்திருக்கிறாள்.

அடுத்த வருடம் முதல் பந்தயத்தின் முதல் குழியிலேயே பந்தை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். இப்போது விளையாட்டுச் சாமான் கடையில் வாடிக்கையாளர்களுக்கு மட்டை அளவு பார்த்துக் கொடுக்கிறாள். அந்த இறுதிச் சுற்றிலிருந்தே வாத்தோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

4

“அவ என் மேல இரக்கப்பட்டா அக்கா” என்றாள். “எதிர்ல நிக்கிறவ என்னை ஜெயிக்கணும்னு நெனைக்கணும். அதுதான் எனக்கு மரியாதை. இவ சீக்காளிக்குக் கஞ்சி ஊத்துற மாதிரி ஊத்திட்டா.”

“அடிச்சிருந்தா உள்ள போயிருக்குமா?”

“அதுதானே தெரியணும். ஆறு வருஷமா தரையெல்லாம் உருட்டிப் பார்க்குறேன். ஒருநாள் போகுது, ஒருநாள் போகல. நீங்க கதை எழுதுறவங்கதானே? அந்தப் பந்தைத் தட்டிவிடுங்க.”

இப்படி ஒரு வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. தலைகால் புரியாமல் கீழே இறங்கிவந்தேன்.

முதல் முடிவில் பந்தை உள்ளே அனுப்பினேன். கூட்டம் எழுந்து நின்றது, வாத்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மேல்வீட்டுக்காரி படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “இது நீங்க சொல்ற ‘எடுத்துக்கோ’.” சுருக்கென்றது. அவள் சொன்னது சரி.

இரண்டாவதில், பந்து குழியின் விளிம்பில் போய் நின்றது. அங்கேயே நின்றது. கதை முடிந்தது. ஆழமாக இருக்கிறது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன். “கரன்ட் போயிடுச்சா?” என்று கேட்டாள்.

மூன்றாவதை எழுதக் கஷ்டமாக இருந்தது. மணிக்கட்டு துள்ளுகிறது. பந்து இடப்பக்கம் விலகுகிறது. சமம். அடுத்த குழியில் நின்று நிதானமாக ஆடி வாத்து ஜெயிக்கிறாள். இவள் பையை மூடுகிறாள், அறைக்குப் போகிறாள், செருப்பைக் கழற்றுகிறாள். அவ்வளவுதான்.

இதை இரண்டு முறை படித்தாள். மூக்கை உறிஞ்சினாள். “இது இருக்கட்டும்” என்றாள். “இதுல நான் தோத்தேன். நானே தோத்தேன்.” பிறகு என்னைப் பார்க்காமல், “இதை அவளுக்கு அனுப்புங்க” என்றாள்.

5

இந்த இடத்தில் என் கையாலாகாத்தனத்தைச் சொல்ல வேண்டும். வாத்து ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. இரக்கத்தால் என்று ஒருமுறை எழுதினேன். பழைய சிநேகத்தால் என்று ஒருமுறை. களைத்துப்போய், ஆட்டம் எப்படியாவது முடிந்தால் போதும் என்பதால் —

[இதையும் அடித்துவிட்டேன். மூன்றிலும் அவள் கடை வாசலில் நிறுத்திய அட்டைப் பொம்மை மாதிரி இருந்தாள்.]

மூன்றாவது முடிவை, மேல்வீட்டுக்காரி ‘இருக்கட்டும்’ என்றதையும் குறிப்பிட்டு, வாத்துக்கு அனுப்பினேன். என் பாத்திரமே எனக்குப் போன் பண்ணும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“யாரைக் கேட்டு மேடம் என்னை ஜெயிக்க வெச்சீங்க?” டிவியில் கேட்ட அதே குரல், ஆனால் மூச்சு வாங்கியது. “எனக்கு எதுக்கு அந்தக் கோப்பை? நான் கேட்டேனா?”

“கதைதானே” என்றேன். நான் சொல்லக் கூடாத வார்த்தை அது.

“கதைன்னா? அவ படிச்சிருக்கா, சரின்னு சொல்லியிருக்கா. வேண்டாம்னு நான் எங்க போய்ச் சொல்றது?”

அவள் என்ன சொல்கிறாள் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நானும் மேல்வீட்டுக்காரியும் சேர்ந்து, அவளால் மறுக்க முடியாத ஒன்றை அவள் கையில் வைத்துவிட்டிருந்தோம்.

“அன்னிக்கு ஏன் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

எங்கோ ஒரு கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“பார்க்க முடியல மேடம்” என்றாள். “அவ குனிஞ்சப்போ மணிக்கட்டு துடிச்சுது. ரூம்ல எத்தனை தடவை பார்த்திருக்கேன். இத்தனை பேர் எதிர்ல அது கோணிப்போறதை என்னால நின்னு பார்க்க முடியல. வாய் தானா சொல்லிடுச்சு. அவளுக்காக இல்ல, எனக்காக. அதைப் போய்ப் பெருந்தன்மைங்கிறாங்க. எந்த மேடைக்குப் போனாலும் இதே பேச்சு. நானும் இளிச்சுட்டு நிக்கிறேன்.”

“இதை அவகிட்ட சொல்லலாமே.”

“சொன்னா போதுமா? நான் நின்னு பார்க்கணும்.”

6

வாத்து சொன்னதை மாடியேறிப் போய் ஒப்பித்தேன். நான் மூன்று முடிவு எழுதினேன், நான்காவதை அவர்களே வைத்துக்கொண்டார்கள். கதாசிரியைக்கு இதைவிட அவமானம் வேறென்ன. ஆனாலும் கூப்பிட்டார்கள், போனேன்.

கடைக்குப் பின்னால் இருக்கும் பயிற்சிப் புல்வெளி. காலை வேளை. தண்ணீர் தெளிப்பானை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். வாத்து அந்த நடையில் தூரத்திலிருந்தே தெரிந்தாள். இருவரும் கட்டிக்கொள்ளவில்லை.

“என்னடி இப்படி நரைச்சுட்ட?”

“உனக்கு டிவிக்காரன் சாயம் அடிக்கிறான். எனக்கு யாரு அடிப்பா?”

அவ்வளவுதான் குசலம். வாத்து குழியிலிருந்து தூரத்தை அளந்து, ஈரத்தைத் துடைத்துப் பந்தை வைத்தாள். நான் சும்மா இருக்காமல், “இது அந்தப் பந்து இல்லையே, இதுல போனாலும் போகாட்டியும் என்ன தெரியப்போகுது?” என்றேன்.

“அது எனக்கும் தெரியும் அக்கா” என்றாள் மேல்வீட்டுக்காரி. “பந்துக்காக வரல. இவ பார்க்கட்டும்னு வந்தேன்.” வாத்திடம் திரும்பினாள். “ஏதாவது சொன்னே, மட்டை மண்டையில இறங்கும்.”

“தட்டுடி” என்றாள் வாத்து.

பந்து போனதா இல்லையா என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் கேட்டார், சொல்லவில்லை. கதையை வாங்கப்போகும் பத்திரிகைக்காரரும் கேட்பார். உங்களிடம் மட்டும் சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். போனது என்று எழுதினால், நான் கொடுத்ததாகிவிடும். போகவில்லை என்று எழுதினால், ஐயோ பாவம் என்று நீங்கள் உச்சுக்கொட்டுவீர்கள். எப்படி எழுதினாலும் குறுக்கே நடந்துபோய்ப் பந்தைப் பொறுக்கி அவள் கையில் வைத்த மாதிரிதான். அதை ஒருமுறை வாத்து செய்துவிட்டாள், போதும்.

அதனால் நான் எழுதுவது இவ்வளவுதான். அவள் குனிந்துவிட்டாள். மணிக்கட்டு துடிக்கிறது. ஆமாம், இன்றைக்கும் துடிக்கிறது. வாத்து இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள், ஆனால் கண்ணை மூடவில்லை. நீங்கள் என் பக்கத்தில் நிற்கிறீர்கள். நல்லபடியாக ஏதாவது சொல்லிவிடத் தோன்றும். தயவுசெய்து சொல்லாதீர்கள். அவள் தட்டட்டும்.