மாதிரிக்கு வைத்த கை

மார்ச் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு பத்துக்கு, ஒரு தனியார் பள்ளியின் இரண்டாம் மாடிப் படிக்கட்டில் கைப்பிடிக் கம்பி பெயர்ந்து விழுந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு வலது தொடையெலும்பு முறிந்தது.

மறுநாள் விடியும்போதே, எந்தக் குழாயையும் திறந்து பார்க்காமல் விடாததால் குழாயக்கா என்று பெயர் வாங்கியவள் வேறொரு பள்ளியின் கழிப்பறையில் குனிந்து நின்றிருந்தாள். பெற்றோர் தனியார் பள்ளி தேர்ந்தெடுக்க உதவும் கைபேசிச் செயலிக்கு அவள் கள ஆய்வாளர். கூட்டிப் பெருக்கி ஒப்பனை செய்வதற்குள் பார்த்தால்தான் பள்ளியின் நிஜ முகம் தெரியும். பினாயில் நெடியில் மூச்சை அடக்கிக்கொண்டு பதினான்கு குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஐந்தில் தண்ணீர் வந்தது. மாடியேறிக் கம்பிகளைப் பிடித்து உலுக்கினாள். பார்த்த பொருளின் மேல் இடது கையை வைத்துத்தான் படம் எடுக்க வேண்டும். பள்ளிக்காரர்கள் நீட்டும் படங்களை யாரும் வாங்கி ஏற்றிவிடாதபடி ஆய்வாளர்களே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது. நேரில் பார்த்துச் சரியாக இருந்த பள்ளிக்குத்தான் செயலியில் பச்சைக் குறி.

இருபது ஆய்வாளர்கள் இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு பேர். பள்ளிகள் குறையவில்லை.

ஒன்பது மணிக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. முதலாளி மேசைமேல் ஒரு தாளை வைத்திருந்தார். கம்பி விழுந்த பள்ளியைச் சென்ற ஆண்டு அவள் நேரில் பார்த்துச் சரியென்று சொன்னதாக அதில் இருந்தது. பச்சைக் குறியையும் படத்தையும் நம்பித்தான் பிள்ளையைச் சேர்த்தேன் என்று சிறுமியின் அப்பா சத்தம் போடுகிறாராம்.

அவள் செயலியைத் திறந்தாள். கம்பியைப் பிடித்திருந்த கை அவளுடையதுதான். கட்டைவிரல் அடியில் குக்கர் ஆவி பட்ட தழும்பு.

"கை என்னோடதுதான் சார். ஆனா அந்தப் பள்ளிக்கூட வாசல நான் மிதிச்சதே இல்ல."

"ஒரு கையெழுத்துதானேம்மா."

"போட்டா?"

"கவனமில்லாமப் பாத்துட்டேன்னு ஆகும். நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

"கைய எடுத்துக்கிட்டீங்க. இப்ப தலையுமா?"

போடாவிட்டால் நாளை வர வேண்டாம் என்றார். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்தி. மாலைவரை நேரம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

செயலியின் திரைகளை வடிவமைத்தவரை எல்லோரும் 'பச்சை' என்பார்கள். குறிக்கு எந்தப் பச்சை பொருந்தும் என்று நான்கு மாதம் அலசியவர். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். திரையை வரைந்தபோது, படம் வர வேண்டிய காலிக் கட்டத்தில் மாதிரிக்காக, வேறொரு பள்ளியில் அவள் எடுத்த படமொன்றை வைத்தாராம். பார்க்காத பள்ளிகளுக்கு அந்தக் கட்டம் வெறுமையாக இருக்க வேண்டும். முதலாளிதான், கையைப் பார்த்தால் நம்பிக்கை வருகிறது, எடுக்காதே, பச்சைக் குறியையும் போட்டுவிடு என்றாராம்.

"எத்தன பள்ளிக்கூடத்துல என் கை இருக்கு?"

"அறுபத்து மூணு, அக்கா."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"எனக்கும் பிள்ளகுட்டி இருக்குக்கா."

"ஆஸ்பத்திரியில கிடக்கறதும் பிள்ளதான்."

அவர் அச்சுப்பொறிப் பக்கம் திரும்பினார். அறுபத்து மூன்று பள்ளிகளின் பட்டியலை அச்சடித்து அவளிடம் கொடுத்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஆய்வாளர்கள் மாடிப்படியில் கூடினார்கள். கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பிழைப்பைப் பார் என்றார் ஒருவர். அளவெடுப்பதில் விடாக்கண்டரான 'டேப்' பட்டியலைக் கடைசிவரை படித்தார்.

"இன்னிக்கு அக்கா கை. நாளைக்கு உன் கை. இதுல எத்தன கம்பி ஆடுதுன்னு நமக்கே தெரியாது."

பிழைப்பைப் பார் என்றவர்தான் முதலில் பேனா கேட்டார். பார்க்காத பள்ளிகளின் குறியை எடுக்க வேண்டும், ஆட்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும், அதுவரை யாரும் களத்துக்குப் போவதில்லை என்று எழுதிப் பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள். பதின்மூன்றாவதாகப் பச்சை.

முதலாளி படித்து முடித்துக் கேட்டார்: "எத்தன அம்மா அப்பா நம்மள நம்பி இருக்காங்க. அவங்களுக்குத் துரோகம் பண்ணலாமா?"

யாரும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பதின்மூன்று பேரின் அடையாள அட்டைகளும் அலுவலகக் கதவைத் திறக்கவில்லை. பத்து மணிக்கு அவர்கள் மருத்துவமனைக்குப் போய், கடிதத்தையும் பட்டியலையும் சிறுமியின் அப்பாவிடம் கொடுத்தார்கள். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு பேனா வாங்கி, பதின்மூன்று பெயர்களுக்கும் கீழே தன் பெயரை எழுதினார்.

செயலியில் அந்தக் கை இன்னும் இருக்கிறது.