பழைய ஃபில்டரில் இல்லாத வளையம்

அது சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று இப்போது சத்தியம் செய்ய முடியாது. தம்பி சனி என்பான். அக்கா ஞாயிறு என்று இன்றும் சாதிப்பாள். யார் முதலில் சிரித்தார்கள் என்பதும் சொல்லும் ஆளைப் பொறுத்து மாறும். மற்றவை ஏறக்குறைய இப்படித்தான் நடந்தன.

தம்பி அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். தாளில் ஒரு புள்ளி நகர்ந்திருந்தாலும் சிவப்பு மையால் சுழித்துவிடுவான். மனிதர்களிடம் அந்த வேலை ஓடாது. கேட்டால்தான் பேச்சு, பல நாள் கேட்டாலும் இல்லை. அக்கா அவனுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். கார்ச் சாவியைத் தொடக்கூட விடாத ஒருவனோடு பதினொரு வருடம் வாழ்ந்து பார்த்துவிட்டு, மகளோடும் இரண்டு பெட்டிகளோடும் தம்பி வீட்டுக்கு வந்தவள். இங்கே வந்த பிறகுதான் கார் ஓட்டப் பழகினாள். மகள் இப்போது தொலைவில் ஒரு கல்லூரி விடுதியில் இருந்தாள். அவளைப் பார்க்க மறுநாள் அக்கா முதல்முறையாகத் தனியாக ஆறு மணி நேரம் ஓட்டிப் போகவேண்டும். அதற்குமுன் ஆயிலையும் ஃபில்டரையும் தானே மாற்றுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"வழியில வண்டி மக்கர் பண்ணா உன்னையா தேடிட்டிருப்பேன்? அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும். நீ கையைக் கட்டு, வாயையும் கட்டு."

"நான் எப்ப பேசினேன்?"

"இதோ பேசிட்டியே."

முன்சக்கரங்களை இரும்புச் சாய்வுகளில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அடியில் நுழைந்தாள். வெளியே இரண்டு பாதங்கள்தான் தெரிந்தன. ஸ்பானர் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை கறுப்பு ஆயில் பேசினில் கொட்டியது.

"வருதுடா! தினமும் ஊசி குத்துற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

"இவ்வளவு எடுத்தா நோயாளி பிழைக்க மாட்டான்."

"வாய்!"

சிறிது நேரத்தில் பழைய ஃபில்டர் கழன்றது. அக்கா அதைச் செய்தித்தாளின்மேல் வாய் மேலாக வைத்தாள். தம்பி அதைப் பார்த்தான். விளிம்பில் இருக்கவேண்டிய ரப்பர் வளையம் இல்லை. அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் புதிய ஃபில்டர் தன் வளையத்தோடு உட்கார்ந்தால் இரண்டும் சேர்ந்து நிற்காது. எஞ்சின் ஓடியதும் ஆயில் பீய்ச்சியடிக்கும்.

வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். சொன்னால், இதுவும் உன்னால் முடியாது என்று சொன்னதுபோல் ஆகிவிடுமோ? அவளே பார்த்துவிடக்கூடும். கேட்டால் சொல்லலாம்.

கேட்டால் சொல்லலாம். அந்த நினைப்பு அவனுக்குப் பழக்கமானது. அக்காவின் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு செருப்புக் கடையில், வேறு அளவை எடுத்துவந்த பெண்ணின் முகத்துக்கு நேரே மாப்பிள்ளை செருப்பை வீசியதை அவன் பார்த்திருந்தான். வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அக்கா புதிய ஃபில்டரைத் திருகினாள். அடி நட்டை முறுக்கினாள். புது ஆயிலை ஊற்றி, அளவுகோலை இரண்டு தடவை துடைத்துப் பார்த்தாள். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியை நுழைத்தாள்.

"அக்கா, திருப்பாதே!"

அவன் இவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

"பழைய ஃபில்டரைப் பாரு. வளையம் இல்லை."

இறங்கி வந்து, ஃபில்டரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்ப பார்த்தே?"

"நீ கழட்டி வச்சப்பவே."

"அரை மணி நேரமாடா! வாயில பூட்டு போட்டிருந்தியா?"

"நீதானே கட்டச் சொன்னே."

"நான் சொன்னா? சொன்னதையெல்லாம் கேக்கிற மூஞ்சியைப் பாரு!"

அவன் தரையைப் பார்த்தபடி, "இன்னொண்ணும் இருக்கு," என்றான். செருப்புக் கடை விஷயத்தைச் சொன்னான். இருபது வருடம் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகவில்லை.

அக்கா கைத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"செருப்பு என்ன கலர்?"

"பிரவுன்."

"அதே மாடலைத்தான் கல்யாணத்துக்குப் போட்டிருந்தான். எனக்கு அப்ப ரொம்பப் பிடிச்சிருந்தது." மூக்கை உறிஞ்சினாள். "நீ சொல்லியிருந்தா கேட்டிருப்பேனான்னு எனக்கே தெரியலைடா. உன்னை நாலு அறை அறைஞ்சிருப்பேன். அறை வாங்கிட்டாவது சொல்லியிருக்கணும்."

"ம்."

"'ம்'முக்கு மேல ஒரு வார்த்தை சொல்லு."

"சொல்லியிருக்கணும்க்கா. தப்புதான்."

"சரி, டார்ச்சைப் பிடி. கையை ஆட்டாம பிடி."

இதற்குப் பிறகுதான் சிரித்தார்கள். யார் முதலில் என்பதுதான் தெரியவில்லை. ஒட்டியிருந்த வளையத்தை அவளே நகத்தால் கிள்ளி எடுத்தாள். புதியதன் விளிம்பில் ஆயில் தடவி மறுபடி மாட்டினாள். எஞ்சின் ஓடியது. ஆயில் எச்சரிக்கையின் சிவப்பு விளக்கு அணைந்தது. இருவரும் தரையில் கன்னம் வைத்து அடியில் பார்த்தார்கள்; ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் அக்கா தனியாகவே போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தாள். அந்தக் காரை மேலும் ஒன்பது வருடம் ஓட்டிவிட்டு விற்றாள். மகள் படிப்பு முடித்து, அந்த ஊரிலேயே பள்ளி ஆசிரியையாகிவிட்டாள். அவளுடைய அப்பாவைப் பற்றி யாருக்கும் தகவல் இல்லை. அச்சகம் மூடிய பிறகு தம்பி வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறான். அக்கா பக்கத்துத் தெருவில் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். ஞாயிறுதோறும் சாப்பிட வருகிறாள்.