முதல் வளைவில் எடுத்த போட்டோ

வேகமாகப் போகிறவனைப் பிடிக்கத்தான் போலீஸ் கேமரா என்றார்கள். மனுவேலோ அன்றைக்கு எஸ்டேட் ஜீப்பை மாட்டுவண்டி கணக்காகத்தான் உருட்டினான். பிறகு எதற்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஆள் விட்டார்கள்? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. லைசென்ஸ் போனால் டிரைவர் வேலை போச்சு. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போச்சு. இந்தக் கணக்கோடு எஸ்.ஐ. முன்னால் போய் நின்றான்.

எஸ்.ஐ. மேசைமேல் ஒரு போட்டோவைத் தள்ளினார். "இது நீ ஓட்டுன ஜீப்பா?"

பார்த்ததும் திக்கென்றது. சேலத்தில் மாதா திருவிழா முடிந்து மலையேறிய நாள். அடிவாரம் தாண்டி முதல் வளைவில் போலீஸ்காரர்கள் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார்கள். கேமரா வைத்துக் கேஸ் போடுகிற கூத்து மலைக்கு அப்போதுதான் வந்திருந்தது.

"ஏனுங்க, மெதுவாப் போங்க. எல்லாரும் போட்டோவுல விழுகோணும்" என்று பக்கத்திலிருந்த பெண்டாட்டி அமலிதான் தோளைத் தட்டினாள். பின்னால் தொங்கியவர்கள்கூடத் தலையைச் சீவிக்கொண்டு முகத்தை நீட்டினார்கள். இந்த மகராசன் வண்டியை நிறுத்தியே விட்டான்! தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள இப்படியும் ஒரு ஆள்.

"ஜீப்புல இத்தனை பேரா? லைசென்ஸ் ரத்துதான்" என்றார் எஸ்.ஐ.

"கேமரா வேகத்துக்குத்தானுங்களே?"

"கேமராவுல எது விழுதோ அதுதான்யா கேஸு." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "எஸ்டேட் ஜீப்பு மாதிரி இருக்குதேன்னுதான் உன்னைக் கூப்பிட்டேன். பம்பர்ல கட்டுன பாய் நம்பரை மறைச்சிருக்கு. கண்ணாடி வெளிச்சத்துல உன் மூஞ்சியும் தெரியல. நான் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. கிழிச்சுப் போட்டுடறேன்."

மனுவேல் சொல்லத்தான் வாயைத் திறந்தான். கண் மறுபடியும் போட்டோவுக்குப் போனது. அமலி உடம்பையே வெளியே சாய்த்து, முக்காட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திருவிழாவுக்கு அடுத்து வந்த மழையிலேயே காய்ச்சலில் படுத்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. கல்யாணத்துக்கு வரவேண்டிய போட்டோக்காரர் மலையேறவில்லை. அடக்கத்தன்று பெட்டியை வைத்துப் படம் எடுக்கவும் ஆள் கிடைக்கவில்லை. அவள் முகம் என்று வீட்டில் எதுவுமே கிடையாது.

"ஐயா, கிழிக்காம எனக்குக் குடுத்துடறீங்களா?"

"விளையாடறியா? கேஸுன்னா கோர்ட்டுக்குப் போகும். இல்லைன்னா கிழியும். வெளிய குடுத்தா என் வேலை போயிரும்."

மனுவேலுக்கு மண்டை குழம்பியது. ஆமாம் என்றால் வீடு போகும். இல்லை என்றால் இவள் போவாள், இரண்டாம் தடவையாக. ஒரு போட்டோவுக்கா இந்தப் பாடு என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"கோர்ட்டுல பத்திரமா வெச்சிருப்பாங்களுங்களா?"

"கட்டோட கட்டா வெச்சிருப்பாங்க. எதுக்குக் கேக்கறே?"

"போய்க் கேட்டா, ஒருக்காப் பாக்க உடுவாங்களுங்களா?"

எஸ்.ஐ. போட்டோவையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். "தெரியலைய்யா" என்றார்.

மனுவேலுக்கும் தெரியவில்லை.

"நான்தானுங்க ஓட்டுனேன்" என்றான்.